மேல்துணி தைத்தாயிற்று, இனிமேல்தான் குவில்ட்

துணியைத் துண்டு துண்டாக வெட்டி, கட்டம் கட்டமாகச் சேர்த்து, கடைசி வரிசையையும் தைத்து முடித்ததும் வருகிற சந்தோஷம் பெரியது. கட்டிலில் விரித்துப் பார்ப்போம், படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்புவோம். அப்புறம் மடித்து அலமாரியில் வைப்போம். பல குவில்ட்களின், அதாவது நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வைகளின், கதை அங்கேயே நின்றுவிடுகிறது.

என்னிடம் வருகிறவை பெரும்பாலும் அப்படி அலமாரியில் கிடந்தவைதான். தெரிந்தவர்களும் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களுமாக, மேல்துணியை மட்டும் தைத்துவிட்டு "இதை முடிச்சுக் குடுத்துடேன்" என்று பையோடு நீட்டுவார்கள். எனக்கும் அது சரிதான். நிறம் சேர்ப்பதிலும் கட்டம் தைப்பதிலும் எனக்கு அவ்வளவு ஆசை கிடையாது. முடிப்பதில்தான் ருசி. அதனால் நான் சொல்வது கொஞ்சம் ஒருதலைப்பட்சமாக இருக்கும்: மேல்துணி தைத்ததும் வேலை முக்கால்வாசி முடிந்தது என்று நினைப்பதால்தான் மீதி நடப்பதே இல்லை. உண்மையில் பாதிதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதி வேறு வகை வேலை. அதற்குத் தரை வேண்டும், தோள் வலு வேண்டும், துணி இழுபடுவதைக் கையால் உணரத் தெரிய வேண்டும்.

எப்படி முடிப்பது என்பதை முதலில் தீர்மானியுங்கள்

மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. இந்த மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற தையல்தான் குவில்ட்டிங். அதற்கு மூன்று வழிகள்: மெஷினில் தைப்பது, கையால் தைப்பது, ஆங்காங்கே முடிச்சுப் போடுவது. எதைச் செய்யப் போகிறீர்கள் என்று தெரிந்த பிறகுதான் பஞ்சு விரிப்பை வாங்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பஞ்சு விரிப்பின் உறையில், தையல் கோடுகளுக்கு நடுவே அதிகபட்சம் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று அச்சடித்திருப்பார்கள். அந்த ஒரு வரியைப் படிக்காமல் எதையும் தொடங்காதீர்கள். அந்தக் காலத்தில் பிரித்த பஞ்சை அப்படியே பரப்பித் தைத்தார்கள். தையல் நெருக்கமாக இல்லாவிட்டால் துவைத்ததும் பஞ்சு உருண்டு மூலைக்கு மூலை ஒதுங்கிவிடும். பழைய குவில்ட்களில் தையல் அவ்வளவு அடர்த்தியாக இருப்பதற்கு அழகு மட்டும் காரணம் இல்லை. இப்போது வருகிற விரிப்புகளில் இழைகளை ஊசியால் குத்திப் பின்னியிருப்பார்கள், சிலவற்றில் மெல்லிய வலையும் சேர்த்திருப்பார்கள். அவற்றில் 8 முதல் 10 இன்ச் இடைவெளிகூட விடலாம். அந்தப் பின்னல் இல்லாத வகைகளுக்கு 3, 4 இன்ச்சுக்கு ஒரு கோடு தேவைப்படும். முடிச்சுப் போட்டு முடிக்க நினைப்பவர் இரண்டாவது வகையை வாங்கி வந்தால் முடிச்சுப் போட்டே ஓய்ந்துவிடுவார்.

முதன்முதலாக முடிக்கிறவர்களுக்கு நான் சொல்வது, நேர்க்கோட்டு மெஷின் தையல். அது பயமாக இருந்தால் முடிச்சு. பூ, இலை, சுருள் என்று மெஷினில் வரைந்து தைப்பதை ஆசைப்பட்டுப் பார்க்கலாம், ஆனால் முதல் குவில்ட் அதற்கான இடம் இல்லை.

அடுக்குவதற்கு முன்

மேல்துணியைத் திருப்பிப் போட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களையெல்லாம் வெட்டுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் வெள்ளைத் துணிக்குக் கீழே ஒரு கறுப்பு நூல் மாட்டிக்கொண்டால் காலத்துக்கும் அது தெரியும், வெளியே எடுக்கவும் முடியாது. பிறகு நன்றாக இஸ்திரி போடுங்கள். பஞ்சு வைத்த பிறகு அந்த அளவுக்குப் படியவைக்க முடியாது. கட்டங்களின் தையல் மேல்துணியின் விளிம்பு வரை வந்து நிற்கிறது என்றால், விளிம்பிலிருந்து 1/8 இன்ச் உள்ளே தள்ளிச் சுற்றிலும் ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். இழுபறியில் மூட்டுகள் பிரியாது.

சுற்றிலும் பார்டர் வைத்திருந்தால் தரையில் விரித்துப் பாருங்கள். ஓரம் அலையலையாக நிற்கிறதா? அப்படியென்றால் பார்டர் துணியை அளக்காமல் வைத்துத் தைத்துக்கொண்டே போய், மிச்சத்தை முனையில் வெட்டியிருக்கிறார்கள். "குவில்ட்டிங் போட்டா சரியாயிடும்" என்பார்கள். இலேசான தொளதொளப்பு என்றால் தையலில் அடங்கும். கை நுழைகிற அலை அடங்காது, மடிப்பாகத்தான் போய் உட்காரும். பார்டரைப் பிரித்து, மேல்துணியின் நடுவில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று இடங்களில் அளந்து, சராசரி நீளத்துக்கு வெட்டி, பின் குத்தி மறுபடி தையுங்கள். எனக்கு வருகிற மேல்துணிகளில் நான் முதலில் பார்ப்பது நிறத்தை அல்ல, இந்த ஓரத்தைத்தான்.

அடித்துணியும் பஞ்சும் மேல்துணியைவிட நாலு பக்கமும் 3, 4 இன்ச் பெரிதாக இருக்கட்டும். அடித்துணியில் ஒட்டுப் போட வேண்டியிருந்தால் கரையை வெட்டி நீக்கிவிட்டு இணையுங்கள். கரை இறுக்கமான நெசவு, துவைத்தால் மற்ற இடத்தைப் போலச் சுருங்காது. பஞ்சு விரிப்பை முந்தின நாளே உறையிலிருந்து எடுத்துப் பரப்பிவிட்டால் மடிப்புக் கோடுகள் தளர்ந்துவிடும்.

தரையில் உட்காருகிற நாள்

முழுக் குவில்ட்டின் தலையெழுத்தும் இந்த ஒரு கட்டத்தில்தான் இருக்கிறது. பின்னால் வருகிற சுருக்கங்களில் பாதிக்கு மேல் மெஷினின் குற்றம் இல்லை, இங்கே அவசரப்பட்டதன் பலன்.

தரையைத் துடைத்துவிட்டு அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரியுங்கள். எதிரெதிர்ப் பக்கங்களின் நடுவில் முதலில் டேப் ஒட்டுங்கள், பிறகு மூலைகளை நோக்கிப் போங்கள். துணி விறைப்பாக இருக்க வேண்டும், இழுத்துக் கட்டியதுபோல் இருக்கக் கூடாது. இழுத்து ஒட்டினால், டேப்பை எடுத்ததும் அடித்துணி தன் பழைய அளவுக்குச் சுருங்கும். மேலே உள்ள இரண்டு அடுக்குகளும் சுருங்காது. அடியில் ஒரே குமிழ் குமிழாக நிற்கும். சோதிக்க எளிய வழி உண்டு. உள்ளங்கையைத் துணிமேல் வைத்து இலேசாகத் தள்ளுங்கள். அலை எழுந்தால் தொளதொளப்பு. டேப் கிளம்புகிறது என்றால் அதிக இழுப்பு.

அதன் மேல் பஞ்சு. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கையால் நீவுங்கள். அதன் மேல் மேல்துணி, நல்ல பக்கம் மேலே. கட்டங்களின் கோடுகள் நேராக வருகின்றனவா என்று நீளமான ஸ்கேலை வைத்துப் பாருங்கள். இப்போது கோணினால் கடைசிவரை கோணல்தான்.

மூன்றையும் தற்காலிகமாகப் பிடித்துவைக்க ஊக்கு, நூல், பசை ஸ்பிரே என்று மூன்று வழிகள். என் ஓட்டு ஊக்குக்குத்தான். இதற்கென்றே வளைந்த ஊக்குகள் கிடைக்கின்றன. துணியைத் தூக்காமலே குத்தி எடுக்கலாம். நடுவில் தொடங்கி வெளிப்புறமாகக் குத்திக்கொண்டு போங்கள். மூடிய கையைக் குவில்ட்டின் மேல் எங்கே வைத்தாலும் ஒரு ஊக்காவது தட்டுப்பட வேண்டும். அதற்குக் குறைவாகக் குத்துவது வீண் சிக்கனம். முதலில் எல்லா ஊக்கையும் குத்திவிட்டு, பிறகு மொத்தமாக மூடுங்கள். விரல் நுனி வலிக்கும். ஒரு டீஸ்பூனின் விளிம்பால் நெம்பி மூடினால் வலி குறையும். தையல் எங்கே ஓடப்போகிறதோ அந்தக் கோட்டில் ஊக்கைக் குத்தாதீர்கள்.

ஸ்பிரே வேகமானதுதான், மறுக்கவில்லை. ஜன்னலைத் திறந்துவைத்து, தரையில் பழைய துணியை விரித்துச் செய்ய வேண்டும். எனக்கு அந்த நெடி ஒத்துவராது. கையால் குவில்ட்டிங் செய்கிறவர்களுக்கு நீளநீளமான நூலோட்டம்தான் நல்லது. துணியை இறுக்கிப் பிடிக்கிற வளையத்துக்குள் ஊக்குகள் சிக்கித் தொல்லை கொடுக்கும்.

முட்டி தாங்காது என்றால் மேஜைமேலேயே செய்யலாம். அடித்துணியை மேஜை விளிம்பில் பெரிய பேப்பர் கிளிப்புகளால் பிடித்துவைத்து, பகுதி பகுதியாக நகர்த்துங்கள்.

மெஷினில் தைப்பது

சாதாரண மெஷினில் துணியை நகர்த்துவது கீழே உள்ள பற்கள். அவை அடித்துணியை இழுத்துக்கொண்டு போகும், மேலே உள்ள துணி பின்தங்கும், கோட்டின் முடிவில் ஒரு மடிப்பு எழும். இதைத் தடுக்கத்தான் வாக்கிங் ஃபுட் என்கிற பாகம். அதில் மேல்பக்கமும் பற்கள் உண்டு, மூன்று அடுக்கும் ஒன்றாக நகரும். மற்றதிலெல்லாம் சிக்கனம் பார்த்தாலும் இதை வாங்கிவிடுங்கள்.

புது ஊசி போடுங்கள், 90/14 அளவு போதும். தையல் நீளத்தை 3 மில்லிமீட்டருக்குக் கொண்டுபோங்கள். கட்டங்களைத் தைத்த அதே நீளத்தை வைத்தால் பஞ்சில் புதைந்து குறுகலாகத் தெரியும். அதே துணி, அதே பஞ்சு வைத்து ஒரு சின்னத் துண்டைத் தயார்செய்து அதில் டென்ஷனை, அதாவது நூலின் இறுக்கத்தை, சரிபாருங்கள். அடிநூல் மேலே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷன் அதிகம். மேல்நூல் அடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் டென்ஷன் குறைவு. தொடங்கிய இடத்திலேயே அடியில் நூல் கொத்தாகச் சிக்கிக்கொண்டால் எல்லாரும் அடிநூல் சுற்றியிருக்கிற பாபினைத் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றம் மேல்நூலில் இருக்கும். துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டை இறக்கிவைத்துக்கொண்டு நூல் கோத்தால் நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே போய் உட்காராது. ஃபுட்டைத் தூக்கிவிட்டு மறுபடி கோத்துப் பாருங்கள்.

முதல் கோடு குவில்ட்டின் நடுவில் நெடுக்காக. அடுத்தது நடுவில் குறுக்காக. இந்த இரண்டும் விழுந்துவிட்டால் நாலு கால்பகுதிகளாகப் பிரிந்துவிடும், ஒவ்வொன்றையும் நடுவிலிருந்து வெளியே தைத்துக்கொண்டு போகலாம். அடுத்தடுத்த இணைகோடுகளை ஒரே திசையில் தைப்பது நல்லது. ஒன்றை மேலிருந்து கீழ், அடுத்ததைக் கீழிருந்து மேல் என்று போனால் கட்டங்கள் இரு பக்கமும் இழுபட்டுச் சாய்வாக நிற்கும்.

கட்டங்களின் மூட்டுக்குள்ளேயே, பள்ளத்தில் தையலை ஓட்டினால் வெளியே தெரியாது என்று எல்லாரும் முதலில் அதைத்தான் முயற்சிக்கிறார்கள். ஆனால் ஊசி ஒரு நூல் அகலம் விலகினாலும் அது கண்ணில் குத்தும். மூட்டிலிருந்து கால் இன்ச் தள்ளி இணையாகத் தைத்தால் சின்னக் கோணல்கள் தெரிவதே இல்லை. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

பெரிய குவில்ட்டில் கஷ்டம் தையலில் இல்லை, எடையில். மேஜையிலிருந்து தொங்குகிற பாகம் ஊசியைத் தன் பக்கம் இழுக்கும். தையல் ஒரு இடத்தில் நீளமாகவும் ஒரு இடத்தில் குட்டையாகவும் விழுந்தால் காரணம் அதுதான். மெஷினுக்கு இடப்பக்கமும் பின்பக்கமும் இன்னொரு மேஜையோ நாற்காலியோ போட்டு எடையைத் தாங்கவிடுங்கள். ஊசிக்கு முன்னால் ஒரு கையகல இடம் தளர்வாக இருந்தால் போதும், மொத்தக் குவில்ட்டையும் இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம். தோளை அவ்வப்போது இறக்கிவிடுங்கள், உங்களுக்கே தெரியாமல் அது காதுவரை ஏறியிருக்கும்.

பாபின் விஷயம் ஒன்று சொல்லியாக வேண்டும். கோடு முடிய நாலு இன்ச் இருக்கும்போதுதான் நூல் தீரும், இதற்கு விதிவிலக்கே கிடையாது. நாலைந்து பாபின்களை முன்கூட்டியே சுற்றிவைத்துக்கொள்ளுங்கள். எரிச்சல் போகாது, குறையும்.

நடுநடுவே திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மடிப்பு விழுந்திருந்தால் என்ன செய்வது? நெல் அளவு மடிப்பு என்றால் விட்டுவிடுங்கள், துவைத்தபின் கண்டுபிடிக்கவே முடியாது. விரல் நீளத்துக்கு இருந்தால் பிரித்தே ஆக வேண்டும். ஒரு பக்கத்தில் மூன்று தையலுக்கு ஒன்றாக வெட்டிவிட்டு, மறுபக்கத்து நூலைப் பிடித்து இழுத்தால் முழுசாக வந்துவிடும். ஒவ்வொரு தையலாகக் குத்திப் பிரிக்காதீர்கள், துணி கிழியும்.

முடிச்சுப் போடுவதை மட்டமாக நினைக்காதீர்கள். கெட்டியான நூலைக் குத்தி இறக்கி, கால் இன்ச் தள்ளி மேலே எடுத்து, இரட்டை முடிச்சு. ஒரு இன்ச் வாலை விட்டு வெட்டுங்கள். 4 இன்ச்சுக்கு ஒன்று போட்டால் போதும், பஞ்சின் உறையில் வேறு அளவு இருந்தால் அதன்படி. புசுபுசுவென்று உப்பலாக நிற்பது இந்த வகையில்தான்.

ஓரப்பட்டி

குவில்ட்டின் வெட்டிய ஓரங்களைச் சுற்றிலும் மூடித் தைக்கிற பட்டி இது. இதற்காகத்தான் மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறேன்.

முதலில் குவில்ட்டைச் சதுரப்படுத்துங்கள். பெரிய சதுர ஸ்கேலை மூலையில் வைத்து, உருளைக் கத்தியால் மிச்சப் பஞ்சையும் அடித்துணியையும் வெட்டுங்கள். மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்தால் ஒரே அளவு வர வேண்டும். ஓரத்தில் நட்சத்திர முனையோ முக்கோண முனையோ இருந்தால் அதற்கு வெளியே கால் இன்ச் விட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் பட்டி அந்த முனையை விழுங்கிவிடும்.

பட்டிக்கான கணக்கு: 60க்கு 80 இன்ச் குவில்ட் என்றால் சுற்றளவு 280. மூலைக்கும் இணைப்புக்கும் 12 சேர்த்தால் 292. துணியின் பன்னாவில், அதாவது அகலத்தில், பயன்படுவது 40 இன்ச் என்று வைத்தால் 7.3, அதாவது 8 பட்டிகள். ஒவ்வொன்றும் 2½ இன்ச் அகலம் என்றால் 20 இன்ச் துணி வேண்டும். நேரான ஓரத்துக்கு நேர்வெட்டுப் பட்டி போதும். வளைந்த ஓரம் என்றால் மட்டும் கிராஸ் கட், அதாவது நெசவுக்குச் சாய்வாக வெட்டிய பட்டி, வேண்டும்.

பட்டிகளைச் சாய்வாக இணையுங்கள். நேராக இணைத்தால் ஒரே இடத்தில் அத்தனை மடிப்பும் சேர்ந்து முடிச்சு மாதிரி துருத்தும். இணைப்பைப் பிரித்து இஸ்திரி போட்டு, அகலம் பாதியாகும்படி முழு நீளத்துக்கும் மடித்து இன்னொரு இஸ்திரி. தைப்பதற்கு முன் பட்டியைச் சும்மா சுற்றிலும் வைத்துப் பாருங்கள். இணைப்பு ஏதாவது மூலையில் வந்து விழுந்தால், தொடங்கும் இடத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் தீர்ந்தது.

குவில்ட்டின் முன்பக்கம், ஒரு பக்கத்தின் நடுவில் தொடங்குங்கள். பட்டியின் வெட்டிய விளிம்பும் குவில்ட்டின் விளிம்பும் ஒட்டியிருக்க, முதல் 10 இன்ச்சைத் தைக்காமல் தொங்கவிட்டு, கால் இன்ச் உள்ளே தையுங்கள். மூலைக்குக் கால் இன்ச் இருக்கும்போது நிறுத்தி, பின்னோக்கி இரண்டு தையல் போட்டு, நூலை வெட்டுங்கள். அடுத்த பக்கத்தைத் தைக்கிற மாதிரி குவில்ட்டைத் திருப்பி வையுங்கள். பட்டியை நேர் மேலே மடியுங்கள், மூலையில் தானாகவே ஒரு சாய்வு மடிப்பு விழும். அதை விரலால் பிடித்துக்கொண்டே பட்டியைத் திரும்பக் கீழே மடியுங்கள். மேல் மடிப்பு குவில்ட்டின் மேல் விளிம்போடு சரியாக ஒட்டி நிற்க வேண்டும். விளிம்பிலிருந்தே தையலை மறுபடி தொடங்குங்கள். படிக்கும்போது குழப்பும். ஒரு காகிதப் பட்டியை மடித்துப் பார்த்தால் சட்டென்று பிடிபடும்.

எல்லாரும் மாட்டிக்கொள்வது கடைசி இணைப்பில். தொடங்கிய இடத்துக்கு 10 இன்ச் முன்னால் நிறுத்துங்கள். இரண்டு வால்களும் ஒன்றன் மேல் ஒன்று வரும்படி தட்டையாக வையுங்கள். ஒன்றன் மேல் ஒன்று படிகிற நீளம், பட்டியின் அகலம் எவ்வளவோ அவ்வளவு, அதாவது 2½ இன்ச், மட்டும் இருக்கும்படி மிச்சத்தை வெட்டுங்கள். இரண்டு முனைகளையும் விரித்து, நல்ல பக்கங்கள் உள்ளே இருக்க, ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் வைத்து, மூலைக்கு மூலை பின் குத்துங்கள். உடனே தைக்க வேண்டாம், வெட்டவும் வேண்டாம். மடித்துக் குவில்ட்டின் மேல் வைத்துப் பாருங்கள். முறுக்கிக்கொண்டிருந்தால் ஒரு முனையைத் திருப்பிக் குத்துங்கள். சரியாகப் படிந்தபின் தைத்து, மிச்சத்தை வெட்டி, விட்ட இடைவெளியை மூடுங்கள். அந்தப் பட்டி இடைவெளியில் கச்சிதமாகப் போய்ப் படிகிறபோது, இத்தனை நாளாகத் தையல் பிரித்த கோபமெல்லாம் எனக்கு மறந்துபோகும்.

இனி பின்பக்கம். பட்டியை மடித்துக் கொண்டுபோய், மெஷின் தையலை மறைக்கும்படி கிளிப் போட்டுக் கையால் தையுங்கள். பட்டியின் நிறத்திலேயே நூல், ஒற்றை இழை, முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம். ஊசி அடித்துணியையும் கொஞ்சம் பஞ்சையும் எடுக்க வேண்டும், முன்பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. அங்கிருந்து பட்டியின் மடிப்பு விளிம்பில் நாலைந்து இழையை மட்டும் பிடித்து, மடிப்புக்குள் ஓடி, அடுத்த தையல். முன்பக்க மூலையில் மடிப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, பின்பக்கத்தில் அதற்கு எதிர்ப்பக்கம் மடித்தால் கனம் ஒரே இடத்தில் சேராது. மெஷினிலும் முடிக்கலாம். அப்போது பட்டியை முதலில் பின்பக்கத்தில் தைத்து, முன்பக்கம் திருப்பித் தைக்க வேண்டும். குழந்தைகள் இழுத்துக்கொண்டு திரிகிற, அடிக்கடி துவைக்கிற குவில்ட்டுக்கு அதுதான் உறுதி. மற்றவற்றுக்கு நான் கையைத்தான் நம்புகிறேன். மடியில் குவில்ட்டின் கனம், பேசிக்கொண்டே செய்யலாம், தப்பு நடக்க வழியே இல்லாத வேலை.

துவைப்பதும் பிறகும்

பின்பக்க மூலையில் ஒரு சின்னத் துணியில் பெயரும் ஆண்டும் எழுதித் தைத்துவிடுங்கள். துணிக்கான அழியாத மையில் எழுதி, இரண்டு ஓரத்தைப் பட்டிக்குள் கொடுத்துவிட்டால் மற்ற இரண்டு ஓரம்தான் மிச்சம்.

முதல் துவையல் குளிர்ந்த நீரில், நிறத்தை உறிஞ்சுகிற தாள் இரண்டு மூன்று போட்டு. சிவப்பும் அடர்நீலமும் இருந்தால் இன்னும் கவனம். வெள்ளையில் சாயம் ஏறியிருந்தால் உலர்த்தாதீர்கள், சூடு பட்டால் அது அங்கேயே தங்கிவிடும். ஈரத்தோடே நிறைய தண்ணீரில் மறுபடி துவைத்தால் பெரும்பாலும் போய்விடும். பருத்திப் பஞ்சு முதல் துவையலில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும், குவில்ட் முழுக்கச் சின்னச் சின்னச் சுருக்கம் விழும். கோணல் தையலெல்லாம் அதில் ஒளிந்துகொள்ளும். பாலியஸ்டர் விரிப்பில் இந்தச் சுருக்கம் வராது. அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் நேராகத் தைக்கத் தெரிந்தவர்களாக இருக்கட்டும். ஈரக் குவில்ட்டைக் கொடியில் ஒற்றை மடிப்பாகத் தொங்கவிட்டால் கனத்தில் தையல் இழுபடும். தட்டையாக விரித்தோ, இரண்டு மூன்று கொடிகளில் கனத்தைப் பங்கிட்டோ உலர்த்துங்கள்.

எத்தனை வருடம் கழித்தோ, முதலில் தேய்ந்து நைந்து போவது ஓரப்பட்டிதான். உள்ளே எல்லாம் நன்றாகவே இருக்கும். அப்போது பழைய பட்டியைப் பிரிக்க வேண்டாம், கொஞ்சம் அகலமான புதுப் பட்டியை அதன் மேலேயே வைத்துத் தைத்துவிடலாம். அதே துணி வேண்டும் என்று நினைப்பவர்கள் இப்போதே ஒரு சுற்றுக்குத் தேவையான துணியை எடுத்துவையுங்கள். குவில்ட்டோடு சேர்த்து ஒருமுறை துவைத்துவிட்டு எடுத்துவைத்தால் இரண்டின் சுருக்கமும் ஒன்றாகிவிடும்.